நிய்யத்து நல்லதுதான் சேர்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பார்மசி வாசலில் ஒரு தாயைக் கண்டோம். எங்கள் பாடசாலையில் தரம் 11 படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா. "மகள் ஏன் மாலை வகுப்புக்கு வாறதில்ல?" என்று நாங்கள்தான் முதலில் கேட்டோம். கேட்ட தொனியில் கொஞ்சம் குறை சொல்லும் வாசமும் இருந்தது, மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை.

"சேர், ஒங்கட நிய்யத்து நல்லதுதான். அதுல ஒரு குறையும் சொல்லல்ல. ஆனா மஃரிபுக்குப் பொறகு வெச்சா எங்கட புள்ள எப்படி வாற? வாப்பா கட்டார்ல. ஆம்புளப் புள்ள இல்லாத வீடு. அந்த ரோட்டுல லைட்டும் இல்ல. இப்ப பேரையும் வெட்டிட்டீங்களாமே" என்றார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. "இன்ஷா அல்லாஹ் பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் கணிதம், மற்றவர் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம். ஆசிரியர் கலாசாலையில் ஒரே பெட்ச், ஒரே அறை, இப்போது ஒரே பாடசாலை. இந்தப் பதிவையும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் டைப் பண்ண, மற்றவர் குறுக்கே பேசுகிறார்.

வகுப்பின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். சாதாரண தரக் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பு. வருடத் தொடக்கத்தில் 28 பேர் சேர்ந்தார்கள். முதலில் 4 மணிக்கு வைத்தோம். அந்த நேரத்தில் பாதிப் பேருக்கு வேறு டியூஷன், ஆண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட். ஆகவே மஃரிபுக்குப் பிறகு என்று மாற்றினோம். ஒழுங்கு வர வேண்டும் என்று, மூன்று தரம் தொடர்ந்து வராவிட்டால் பெயர் வெட்டு என்றும் ஒரு சட்டம் போட்டோம். ஆறாம் மாதம் ஆகும்போது இடாப்பில் 19 பேர். வெட்டுப்பட்ட ஒன்பதில் ஆறு பெண் பிள்ளைகள்.

அதே கிழமையில்தான் தரம் 10 வகுப்பில் ஒரு பையன் எழும்பிக் கேட்டான். வீட்டுப்பாடத்துக்கு ஏஐயிடம் விடை கேட்டிருக்கிறான், அது பிழையாகச் சொல்லியிருக்கிறது, அதுவும் முழு நம்பிக்கையோடு. "சேர், அது வேணுமென்டு பொய் சொல்லுதா? அதுக்கு நிய்யத் இரிக்கா?" வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் பதில் தெரியவில்லை. அடுத்த கிழமை சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினோம். அந்த வாசிப்பு பார்மசி வாசலுக்கே எங்களைத் திருப்பிக் கொண்டுபோகும் என்று நினைத்திருக்கவில்லை.

கணினி விஞ்ஞானத்தில் "ஏஜென்ட்" என்று ஒரு சொல் இருக்கிறது. நம்மூரில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர், அவரை விடுங்கள். இது சூழலைப் பார்த்து, தானே தீர்மானித்து, ஒரு வேலையைச் செய்து முடிக்கும் மென்பொருள். இப்படிப்பட்ட மென்பொருளுக்கு நாட்டம் என்றால் என்ன, அதை எப்போது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைத் தர்க்கத்தில், கணக்குப் போல, எழுதிவைக்க ஒரு கூட்டம் ஆட்கள் 1980களில் இருந்து உழைத்திருக்கிறார்கள்.

தொடக்கம் ஒரு தத்துவஞானியிடம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிராட்மன், 1987இல் நாட்டங்களையும் திட்டங்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆசை வேறு, நாட்டம் வேறு என்பது அவருடைய அடிப்படை. ஆசை எத்தனையும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று மோதவும் மோதலாம். ஒரே இரவில் கல்யாண வீட்டுக்கும் போக ஆசை, தூங்கவும் ஆசை. ஆனால் போவதாக நாட்டம் வைத்துவிட்டால் மூன்று காரியம் நடக்க வேண்டும். எப்படிப் போவது என்று மூளை யோசிக்கத் தொடங்க வேண்டும். அதோடு மோதும் வேறு திட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டும். போய்ச் சேர்கிறோமா என்று இடையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது ஆசைதான், எந்தப் பெயர் வைத்தாலும்.

இதைப் படித்ததும் நம்மூர் தையல்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். பெருநாளைக்கு முதல் நாள் "இன்ஷா அல்லாஹ் அஸருக்கு வாங்க" என்பார்கள். அந்தப் புனிதமான சொல்லை நாம் எத்தனை இடத்தில் "இல்லை" என்பதற்குப் பதிலாகப் பாவிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பார்மசி வாசலில் நாங்கள் சொன்னதும் அந்த வகைதான்.

இன்னொரு கதை. 1982இல் ட்ரூ மெக்டெர்மொட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சிக்கலைக் காட்டினார். நெல் என்று ஒரு பெண் (வயல் நெல் இல்லை, பெயர்), ரயில் தண்டவாளத்தில் கட்டப்பட்டிருக்கிறாள். ரயில் வருகிறது. காப்பாற்ற ஒரு ரோபோ திட்டம் போடுகிறது. போட்டவுடன் அதன் தர்க்கம் இப்படி ஓடுகிறது: என்னிடம் திட்டம் இருக்கிறது, நான் திட்டப்படி செய்வேன், ஆகவே அவள் காப்பாற்றப்படுவாள், ஆகவே அவளுக்கு ஆபத்து இல்லை, ஆகவே திட்டம் தேவையில்லை. திட்டத்தைக் கைவிட்டுவிட்டு ரோபோ சும்மா நிற்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். நம்முடைய கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டறிக்கையில் எழுதி, பெட்டிசும் டீயும் கொடுத்து முடித்துவிட்டு, வேலை நடந்த மாதிரியே வீட்டுக்குப் போகிறோமே, அங்கே நடப்பதும் இதே தர்க்கம்தான்.

பில் கோஹென், ஹெக்டர் லெவெஸ்க் என்ற இருவர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கெல்லாம் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தார்கள். தலைப்பையே தமிழில் சொன்னால், நாட்டம் என்பது பிடிமானத்தோடு கூடிய தெரிவு. குறியீடுகளைத் தள்ளிவிட்டுச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு விடயம் நடக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்திருக்கிறாய், அது இன்னும் நடக்கவில்லை என்று நம்புகிறாய், நடந்துவிட்டது என்று நம்பும்வரை, அல்லது இனி ஒருபோதும் நடக்காது என்று நம்பும்வரை அதை விடமாட்டாய். இது மட்டும் என்றால் வெறியன் ஆகிவிடுவோம் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆகவே ஒரு காரணத்தோடு கட்டிவைத்த வகையையும் சேர்த்தார்கள். எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினாயோ, அந்தக் காரணம் இல்லாமல் போனால் நாட்டத்தையும் விடலாம். மார்க்கத்தில் நோன்புக்கு நிய்யத்து வைத்தவர் நோயாளியானால், பிரயாணியானால் விட்டுவிட்டுப் பிறகு கழாச் செய்ய இடம் இருக்கிறது. எப்போது விடலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால் நிய்யத்து பலவீனமாகிவிடுவதில்லை. நாங்கள் ஆலிம்கள் இல்லை, இதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த ஆண்டு, 1991இல், அவுஸ்திரேலியாவின் மெல்பனில் இருந்து அனந்த் ராவ், மைக்கேல் ஜார்ஜெஃப் இருவரும் ஏஜென்டின் மனத்தை மூன்று பெட்டியாகப் பிரித்து ஒரு தர்க்கம் எழுதினார்கள். எதை உண்மை என்று நம்புகிறது, எதை விரும்புகிறது, எதை நாட்டமாகப் பிடித்திருக்கிறது. மூன்றின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து பி.டி.ஐ. என்கிறார்கள். இது காகிதத்தோடு நிற்கவில்லை. விண்வெளி ஓடத்தின் சிறு உந்து இயந்திரங்களில் வரும் கோளாறுகளைக் கையாள இந்த வழியில் கட்டிய முறைமையைக் கொண்டு பரிசோதித்தார்கள். சிட்னி விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தவும் 1990களில் பரீட்சித்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஏஜென்ட்.

ராவும் ஜார்ஜெஃபும் பிடிமானத்தில் மூன்று வகை சொன்னார்கள். முதலாவது குருட்டுப் பிடி: முடிந்துவிட்டது என்று நம்பும்வரை விடுவதே இல்லை. இரண்டாவது, முடிந்துவிட்டது என்று நம்பினாலோ, இனி முடியும் என்ற நம்பிக்கை போனாலோ விடுவது. மூன்றாவது, அது இனித் தன் இலக்கே இல்லை என்றானால் விடுவது.

இந்த இடத்தில்தான் எங்களில் ஒருவர் போனை மேசையில் வைத்துவிட்டு, "நாம எந்த வகை?" என்று கேட்டார்.

எங்களுக்கு நாங்களே மதிப்பெண் போட்டால் இரண்டாவது வகை என்றுதான் போட்டிருப்போம். நியாயமான மனிதர்கள், முடியாது என்று தெரிந்தால் மாற்றுவோம். ஆனால் அந்த வகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நம்பிக்கை மாறினால்தான் நாட்டம் மாறும். பார்த்தால்தான் நம்பிக்கை மாறும். நாங்கள் இடாப்பைப் பார்த்தோம், வீட்டைப் பார்க்கவில்லை. "வரவில்லை" என்ற மூன்று கோடு எங்களுக்கு "அக்கறை இல்லை" என்று வாசிபட்டது. கண்ணை மூடிக்கொண்ட இரண்டாம் வகைக்கும் குருட்டுப் பிடிக்கும் என்ன வித்தியாசம்? வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் இல்லை.

சரி, எத்தனை தரம் நின்று பார்ப்பது? இதற்கும் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். டேவிட் கின்னியும் அதே ஜார்ஜெஃபும், 1991இல். சதுரம் சதுரமாகப் பிரித்த ஒரு விளையாட்டு உலகம். அதில் குழிகள் தோன்றும், கொஞ்ச நேரத்தில் மறையும். குழி மறையுமுன் ஏஜென்ட் அதைப் போய்ச் சேர வேண்டும். சில ஏஜென்ட்கள் துணிச்சல்காரர்: போட்ட திட்டம் முடியும்வரை நின்று யோசிப்பதில்லை. சில எச்சரிக்கைக்காரர்: ஒவ்வோர் அடிக்கும் நின்று, இன்னும் சரிதானா என்று பார்க்கும். உலகம் மெதுவாக மாறினால் துணிச்சல்காரர் முன்னுக்கு வருகிறார், மற்றவர் யோசித்தே நேரத்தை வீணாக்குகிறார். உலகம் வேகமாக மாறினால் எச்சரிக்கைக்காரர் வெல்கிறார். ஒரே குணம் எல்லா உலகத்துக்கும் பொருந்தாது.

தரம் 11 பிள்ளையின் உலகம் எவ்வளவு வேகமாக மாறும் என்று பாடசாலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாப்பாவின் வேலை போகும். உம்மா மூத்த சகோதரியின் பிரசவத்துக்குப் போவார், வீடு இவள் தலையில் விழும். ஒரு கலியாணப் பேச்சு வரும். நாங்கள் ஜனவரியில் போட்ட திட்டத்தை ஜூன் வரைக்கும் துணிச்சலாக ஓட்டினோம்.

இப்போது எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பகுதி. தர்க்கத்தில் பக்கவிளைவுச் சிக்கல் என்று ஒன்று இருக்கிறது. பல் வலிக்கிறது, பல் வைத்தியரிடம் போகிறீர்கள். பல்லை அடைக்கும்போது வலிக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் வலிக்க வேண்டும் என்பதும் உங்கள் நாட்டமா? இல்லை. வலிக்காமலே அடைத்துவிட்டால், "டொக்டர், வலிக்கல்ல, திரும்பச் செய்ங்க" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய முறையில் தர்க்கத்தை எழுதினால், ஒன்றை நாடினால் அதன் கட்டாய விளைவுகள் எல்லாவற்றையும் நாடியதாக முடிவு வந்துவிடும். முன்கூட்டித் தெரிந்திருப்பது வேறு, நாடுவது வேறு என்று பிரித்துக் காட்டத்தான் இவ்வளவு பேரும் தலையை உடைத்தார்கள்.

அந்தச் சோதனையை எங்களுக்கு வைத்துப் பார்த்தோம். மஃரிபுக்குப் பிறகும் பெண் பிள்ளைகள் எப்படியோ வந்து சேர்ந்திருந்தால் நாங்கள் கவலைப்பட்டிருப்போமா? சந்தோஷப்பட்டிருப்போம். ஆகவே அவர்களைத் தவிர்ப்பது எங்கள் நாட்டமாக இருக்கவில்லை. தர்க்கம் எங்களை விடுதலை செய்துவிட்டது. அந்த உம்மாவும் முதல் வசனத்திலேயே விடுதலை செய்துவிட்டார்.

ஆனால் நேரத்தை மாற்றிய நாள் ஸ்டாஃப் ரூமில் பேசியது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது. "பெண் புள்ளயளுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இரிக்கும்." "யாராவது கொண்டுவந்து விடுவாங்க." அத்தனையும் ஒரு நிமிடம். பிறகு தேநீர் வந்தது. பி.டி.ஐ. ஏஜென்ட்களை எழுத ராவ் 1996இல் ஒரு மொழி வகுத்தார். அதை விரிவாக்கி ஜேசன் என்ற மென்பொருள் செய்திருக்கிறார்கள், இலவசம். கணினி அறையில் உயிரோடு இருக்கும் ஒரு கணினியில் போட்டுப் பார்த்தோம். ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மனத்தைத் திறந்து பார்க்க ஒரு ஜன்னல் உண்டு. இந்த நிமிடம் அது நம்புவது எவை, பிடித்திருக்கும் நாட்டம் எவை என்று வரிவரியாகக் காட்டும். அன்றைக்கு எங்கள் மனத்தை அப்படி யாராவது திறந்து பார்த்திருந்தால், நாட்டம் என்ற இடத்தில் "28 பிள்ளைகளும் சித்தியடைய வேண்டும்" என்று அழகாக இருந்திருக்கும். "பெண் பிள்ளைகளுக்கு வர ஏலாது" என்பது வேறெங்கும் இல்லை, அதற்கு மேலேயே, நம்பிக்கை என்ற இடத்தில் இருந்திருக்கும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எங்களால் முடியாது.

செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமையும் என்ற கருத்துள்ள ஹதீஸோடுதான் இமாம் புகாரியின் தொகுப்பு தொடங்குகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாம் அதை எங்கே பாவிக்கிறோம் என்பதுதான் கேள்வி. வேலை பிழைத்த பிறகு, "நிய்யத்து நல்லதுதானே" என்று கதவைச் சாத்த. வேலை தொடங்குமுன் நம்மை நாமே விசாரிக்கப் பாவிப்பவர் குறைவு. நாங்களும் பாவிக்கவில்லை.

பையனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அடுத்த கிழமை ஜேசனை ஓட்டிக் காட்டி, பதில் சொன்னோம். இந்த வகை ஏஜென்ட்டில் நாட்டம் என்பதற்கு ஓர் இடம் கட்டியவரால் ஒதுக்கப்பட்டிருக்கிறது, திறந்தால் காணலாம். அதை உண்மையான நிய்யத்து என்று சொல்லலாமா என்பது பெரிய வாக்குவாதம். ஆனால் என்ன செய்ய முயல்கிறது என்று கேட்டால் பதில் உண்டு. நீ வீட்டுப்பாடம் கேட்ட ஏஐ வேறு மாதிரிக் கட்டியது. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் ஆக்குவது அதன் அடிப்படை. உள்ளே நாட்டம் என்று பெயரெழுதிய பெட்டியைக் கட்டியவர்கள் வைக்கவில்லை. பொய் என்றால் உண்மையைத் தெரிந்துகொண்டே மறைக்கும் நாட்டம் வேண்டும். உன் கணக்கில் நடந்ததைப் பொய் என்பதைவிடப் பிழை என்பதே பொருத்தம்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அதுட விடையைச் சரி பாக்குற வேலை என்ட கையில, என்ன சேர்?" என்றான். எங்களுக்கு அதற்கு மேல் சொல்ல இருக்கவில்லை.

வகுப்பு இப்போது சனிக்கிழமை காலை 7.30க்கு. மூன்று கோடு சட்டத்தை எடுத்துவிட்டோம். ஒரு பிள்ளை இரண்டு தரம் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்று எங்களுக்குத்தான் இப்போது சட்டம். நாலு கிழமைக்கு ஒருமுறை, இந்தத் திட்டம் இன்னும் சரிதானா என்று இருவரும் இருந்து பேசுகிறோம். ஒவ்வொரு கிழமையும் பேசினால் திரிகோண கணிதத்துக்கு நேரம் கிடைக்காது.

வெட்டிய ஒன்பது பேரில் ஐந்து பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த உம்மாவின் மகளும் வருகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. முதல் நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஒரு கணக்கைப் பிழையாகச் செய்து காட்டிவிட்டோம் என்று எழும்பித் திருத்தினாள். ஒரு பையன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், அவனுடைய மாமா போனில் பேசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மிச்சம் மூன்று பேர். இருவருடைய வீட்டுக்குப் போனோம், வீடு மாறிவிட்டார்கள். பெயரை இங்கே போட விருப்பமில்லை. கடற்கரைப் பக்கம் இருந்து இந்த வருடம் வீடு மாறிய குடும்பங்களில் தரம் 11 பிள்ளை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் வருவோம்.